ஜீவரத்தினம் சார் கூப்பிடுகிறார்

கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. தெருவில் தண்ணீர் மட்டும் போக மனசில்லாமல் நின்றது. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, டூல்ஸ் பையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேலையூர்ப் பக்கம் அந்த வீட்டைத் தேடிப் போனேன். முன்னால் ஒரு மாமரம் ஓட்டு வராந்தாவின் மேல் கவிழ்ந்து கிடந்தது. மத்தியான வேளையிலேயே உள்ளே டியூப்லைட் எரிந்தது. கேட்டில் ஒரு பலகை: 'எஸ். ஜீவரத்தினம் எம்.ஏ., பி.டி., தலைமையாசிரியர், ஓய்வு.' ஆள் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகிறது என்று மகன் ஃபோனில் சொல்லியிருந்தார். பலகையை யாரும் கழற்றவில்லை.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. திறந்த கேபினட்டுகளில் எலிப்புழுக்கை பார்த்திருக்கிறேன், பல்லி முட்டை பார்த்திருக்கிறேன், ஃபிளாப்பி டிரைவுக்குள் ஊறிப்போன பிஸ்கட் பார்த்திருக்கிறேன். பேய் பார்த்ததில்லை. பேய் என்று சொல்லிக் கூப்பிட்டவர்கள் மட்டும் நிறைய. "தானா ஆன் ஆவுது சார்" என்பார்கள். போய்ப் பார்த்தால் பிளக்கில் எர்த் இருக்காது. வாசற்கால் வைக்க நல்ல நேரம் பார்க்கிற ஜனங்கள், எர்த் கம்பிக்கு ஒரு குழி வெட்டமாட்டார்கள். படித்தவர்கள் வீட்டில்தான் இந்தக் கூத்து அதிகம்.

மகன் அசரியா ஒரு பேங்க் ஆபீசர். கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கிப் படிக்கிறவர். அதைவிடப் பெரிய தொல்லை என் தொழிலில் கிடையாது. கேபினட் ஸ்க்ரூக்களை அவரே கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்டத் தெரியாமல் ஒரு சோப்பு டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

"மிஸ்டர் வேதாசலம், ஹார்ட் டிஸ்க்ல ஒரு நாய்ஸ் வருது. ஹெட் கிராஷா இருக்கும்னு என்னோட ஒப்பீனியன்."

ஒப்பீனியனாம்.

ஹால் மூலையில் மேஜை. அதன் மேல் எதையோ பூப்பின்னல் போட்ட துணியால் மூடி வைத்திருந்தார்கள், ஏதோ சமைத்த பண்டம்போல. துணியை எடுத்தால் ஒரு கிழட்டு 286 கம்ப்யூட்டர். விளக்காத பல் மாதிரி மஞ்சளடித்துப்போன கேபினட், கறுப்பு வெள்ளை மானிட்டர். எதிரில் ஒரு பிரம்பு நாற்காலி. அதன் மெத்தை நடுவில் குழிந்து, உட்கார்ந்து எழுந்த இடம் அப்படியே இருந்தது. ஹாலில் இருந்த மூன்று பேரும் மற்ற இடங்களில்தான் இருந்தார்கள். அசரியா சுவரில் சாய்ந்து நின்றார். அவர் மனைவி சாராள் சமையலறை வாசலில் நின்றாள். மேஜைக்கு நேர் எதிரே, சுவரோரம், ஒரு வயசான அம்மாள் காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதம் முழுக்கக் கட்டு. டெட்டால் வாடை அங்கேயிருந்துதான் வந்தது.

"வாங்க தம்பி" என்றார் அந்த அம்மாள். ரத்தினபாய். ஜீவரத்தினம் சாருடைய சம்சாரம்.

நான் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் இழுத்துச் சுற்றியது. சூடான தூசியின் வாசனை. மானிட்டரில் எழுத்துகள் ஏறின. டிஸ்க் கரகரவென்று முனகிவிட்டு அடங்கியது. எல்லாம் அந்த வயசுக்குரிய சத்தங்கள்தான்.

அப்போது அது வந்தது.

ட்ச்.

ஒரே ஒரு தடவை. நாக்கை மேல்பல்லில் ஒட்டி இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். பிடிக்காத ஒன்றைப் பார்த்தவன் உச்சுக் கொட்டுகிற சத்தம்.

ரத்தினபாய் எழுந்துவிட்டார். ஸ்டூலிலிருந்து காலை இறக்கி, கட்டுப்போட்ட பாதத்தைத் தரையில் ஊன்றி, நடந்து வந்து, பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"வந்துட்டேங்க" என்றார்.

நாற்காலியில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி நடந்தார். மொசைக் தரையில் அவர் பாதம் பட்ட இடமெல்லாம் ஈரமாக, லேசான சிவப்பாக இருந்தது.

"அம்மாவுக்கு அது ஒரு ஹேபிட்" என்றார் அசரியா, என் முகத்தைப் பார்க்காமல். "அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். இந்த நாய்ஸ் கொஞ்சம் அதே மாதிரி இருக்கு. கோஇன்சிடென்ஸ். இதை நிறுத்திட்டா சரியாயிடும்."

டீ கொடுக்கிற சாக்கில் சாராள் என் அருகில் வந்து மெதுவாகப் பேசினாள். "அத்தைக்குச் சுகர், அண்ணா. முள்ளு குத்தின புண்ணு, ஆறவே இல்ல. காலை ஊன்றவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இப்படியே நடந்தா கணுக்காலுக்கு மேல எடுக்கணுமாம். கட்டிலோட கட்டிப் போட்டாலும் அந்தச் சத்தம் கேட்டா எழுந்து போயிடறாங்க."

"பெரியவர் எப்பவும் அப்படியா கூப்பிடுவாரு?"

"எனக்குத் தெரிஞ்சு மாமா ஒரு நாளும் அத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. உச்சுக் கொட்டுவாங்க. அத்தை ஓடிப் போய் நிக்கணும். காபியா, கண்ணாடியா, ஜன்னல் மூடணுமா, அத்தையே கண்டுபிடிக்கணும். தப்பா எடுத்துட்டுப் போனா இன்னொரு தடவை கொட்டுவாங்க. ரிட்டயர் ஆனதுல இருந்து இந்த மெஷின்ல செஸ் ஆடுவாங்க. மனுஷங்களோட ஆடறது டயம் வேஸ்ட்டாம்."

அடேயப்பா, என்ன ஒரு துரை என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் மேலும் எனக்கு மரியாதை வரவில்லை. ஒரு சத்தத்துக்கு ஆயுசெல்லாம் எழுந்து நின்ற பெண்பிள்ளை. செத்த பிறகும் எழுந்து நிற்கிறது. இதுகளுக்கெல்லாம் யார் என்ன செய்ய முடியும்?

"மெஷினை ஆஃப் பண்ணி வெச்சா சத்தம் வராதுல்ல?" என்று கேட்டேன்.

சாராள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அவங்க அப்படித்தான் சொல்றாங்க" என்றாள்.

டிஸ்க்கின் ஹெட் எங்கேயோ இடிக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். புது டிஸ்க் போட வேண்டும். புது டிஸ்க்கை அந்தக் கிழட்டு மதர்போர்டு அடையாளமே கண்டுகொள்ளாது, அதனால் புது போர்டு. புது போர்டுக்குப் பழைய மெமரி உட்காராது. அதையும் மாற்றினால் மானிட்டர் மட்டும் எதற்குக் கறுப்பு வெள்ளையில்? ஒரு பல்லைப் பிடுங்கப் போய் வாய் முழுக்கப் பிடுங்குகிற கதைதான் அப்கிரேடு என்பது. அசரியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். விண்டோஸ் தொண்ணூற்றைந்து ஓட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் கேபினட் மட்டும் அப்பா வாங்கியதாகவே இருக்க வேண்டும் என்றார். "ஒரு மெமரிக்காக." அப்பா உயிரோடு இருந்தவரை அவர் முன்னால் உட்கார்ந்திருக்கக்கூட மாட்டார் இந்த மனுஷன், அது பார்த்தாலே தெரிந்தது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாமான்களை வாங்கிக்கொண்டு, எலக்ட்ரிக் ரயிலில் மடியில் வைத்துக் காத்து, அந்த வாரமே திரும்பப் போனேன். அசரியா பேங்க்குக்குப் போயிருந்தார். ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று தலைக்கு மேல் திரும்பத் திரும்ப வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. வெளியே வெயில்தான். வீட்டுக்குள் அது எட்டவில்லை.

பிரம்பு நாற்காலியை இழுத்தேன்.

"தம்பி, அதுல வேண்டாமே" என்றார் ரத்தினபாய்.

"ஏம்மா, உடைஞ்சிடுமா?" என்று சொல்லி உட்கார்ந்தேன். மெத்தை குழி எனக்குப் பொருந்தவில்லை. என்னைவிடச் சின்ன ஆள்போல. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறவர்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். மேஜையில் நியூஸ்பேப்பர் விரித்து, பழைய போர்டு, பழைய டிஸ்க், பழைய கார்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். கேபினட் காலிப் பெட்டியாகக் கிடந்தது. டிஸ்க்கைக் கையில் எடுத்து ஆட்டிக் காட்டினேன்.

"பாருங்கம்மா. இதுதான் உங்க வீட்டுக்காரரு. இனிமே சத்தம் போடமாட்டாரு."

சாராளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

புது போர்டை உள்ளே இறக்கி முதல் ஸ்க்ரூவைப் போட்டேன். அது கொஞ்சம் சாய்ந்து ஏறியது. ஏறட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்?

ட்ச்.

என் கை நின்றது.

என் வலது காதுக்குப் பக்கத்தில் வந்தது அது. பெட்டிக்குள்ளிருந்து வரவில்லை.

ரத்தினபாய் காலை இறக்கினார். நடந்து வந்தார். நின்றார். "வந்துட்டேங்க." நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் பார்வை என் முகத்தில் இல்லை, என் தலைக்குக் கொஞ்சம் பின்னால் இருந்தது.

சாராள் வந்து அவரைத் தாங்கிக் கூட்டிப்போனாள். கட்டுத்துணியில் ரத்தம் பெரிதாகப் படர்ந்திருந்தது.

பல்லியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேஜைக்குப் பின்னால் பார்த்தேன். டியூப்லைட் சோக்கைப் பார்த்தேன். ஸ்பீக்கர் வயரைக் கத்தரித்து எறிந்தேன், கரண்ட்டே இல்லாத பெட்டியில் ஸ்பீக்கர் எப்படிக் கத்தும் என்று யோசிக்காமல். அப்புறம், ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, அந்த சாய்ந்த ஸ்க்ரூவைக் கழற்றி நேராகப் போட்டேன்.

அமைதி.

கரண்ட் வயரை மாட்ட வேண்டியது பாக்கி. பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு இரண்டு வயர்க்கொத்து வரும், நுனியில் பிளாஸ்டிக் கொண்டையோடு. பக்கத்துப் பக்கத்தில் மாட்டவேண்டும், இரண்டிலும் உள்ள கறுப்பு வயர்கள் நடுவில் சேரவேண்டும். மாறிப்போனால் போர்டு அந்த க்ஷணமே கருகிவிடும். தொழில் கற்றுக்கொள்ளும்போது முதல் நாளில் சொல்லிக்கொடுப்பது இதுதான். நான் மாட்டினேன். பிளக்கை எடுத்துச் சுவரில் செருகப் போனேன்.

ட்ச். ட்ச். ட்ச்.

பொறுமை போன ஒரு வாத்தியார், கரும்பலகையில் தப்புக் கணக்குப் போட்டு நிற்கிற மக்குப் பையனைப் பார்த்து உச்சுக் கொட்டுவதுபோல.

குனிந்து பார்த்தேன். கறுப்பு வயர்கள் இரண்டு ஓரத்திலும் இருந்தன.

எனக்கு வியர்த்துவிட்டது. பயம் பாதிதான். மீதி அவமானம். என் தொழிலில் எனக்குத் தப்புக் கண்டுபிடிக்க ஒரு ஆளா, அதுவும் செத்த ஆளா? திருத்தி மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் புது மெஷின் அழகாக எழுந்தது, கலர் கலராகப் படம் வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது ரத்தினபாய் மறுபடியும் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் தண்ணீர்ச் சொம்பு.

"தண்ணி கேட்டாங்களோன்னு" என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போயிருக்கவே மாட்டேன். அசரியா விடவில்லை. ஃபோனில் கத்தினார். நான் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டேனாம், சத்தம் இரட்டிப்பாகிவிட்டதாம். வந்து கேபினட்டையும் மாற்று என்றார். மாற்றினேன். மானிட்டரை மாற்றினேன், கீபோர்டை மாற்றினேன், சுவரில் பிளக் பாயிண்ட்டையே பெயர்த்து எர்த் போட்டேன். பழைய மெஷினின் ஒரு ஸ்க்ரூகூட அந்த வீட்டில் இல்லை. எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எடைக்குப் போய்விட்டது. கடைசியில் புது மெஷினையே தூக்கி வந்து என் சிநேகிதன் கடையில் வைத்தேன். அங்கே அது ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது.

அடுத்த நாள் சாராள் ஃபோன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

"அண்ணா, கம்ப்யூட்டர் இல்லாமலே வருது. மேஜை மட்டும்தான் இருக்கு. அத்தையோட ரெண்டு விரல் கறுத்துப்போச்சு. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிட்டாங்க. அதுக்குள்ள அவங்க காலை ஊன்றாம இருந்தா பாதத்தையாவது காப்பாத்தலாமாம். நீங்க ஒரு தடவை வந்து சொல்லுங்கண்ணா. மெஷின் போயிடுச்சு, ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னா ஒருவேளை அத்தை நம்புவாங்க."

போனேன். சாயங்காலம். அன்றைக்கும் மழை தூறிக்கொண்டிருந்தது. மாமரத்திலிருந்து தண்ணீர் ஓட்டின் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது.

ஹால் மூலையில் மேஜை மொட்டையாக நின்றது. கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் தூசிபடாத ஒரு சதுரம். பிரம்பு நாற்காலி மேஜையை விட்டுக் கொஞ்சம் விலகி, யாரோ சௌகரியமாக உட்கார இழுத்துப் போட்டதுபோல இருந்தது. ரத்தினபாய் தன் இடத்தில் இருந்தார். முகம் சுருங்கிப் பாதியாகிவிட்டது. டெட்டால் வாடையையும் மீறி இன்னொரு வாடை அடித்தது. காலிலிருந்துதான்.

"இது எலி" என்றார் அசரியா. "நான் பெஸ்ட் கன்ட்ரோல்காரங்களுக்குச் சொல்லியிருக்கேன். சயின்டிஃபிக்கா பார்த்தா..."

ட்ச்.

அசரியா பேச்சை நிறுத்தினார். நாற்பது வயசு பேங்க் ஆபீசர். கையெழுத்துப் போட்டால் லோன் கொடுக்கிறவர். தலையைக் குனிந்துகொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் நின்றார்.

ரத்தினபாய் காலை இறக்கினார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "போவாதீங்கம்மா."

"நகருங்க தம்பி. கூப்பிடறாங்க."

"அங்க யாருமில்ல. மெஷினும் இல்ல."

"மெஷின் எதுக்கு? மெஷின் வர்றதுக்கு முன்னாடியே கூப்பிடுவாங்களே."

"போகலன்னா இன்னா செய்வாரு? செத்தவரு எழுந்து வந்து அடிப்பாரா?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இருந்தப்பவும் அடிச்சதில்ல தம்பி. ஒரு அடி கிடையாது. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. சர்ச்சுல எல்லாரும் என்கிட்ட சொல்லுவாங்க, எவ்வளவு சாந்தமான மனுஷர்னு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இது ஒண்ணுதான். இது போதுமே."

ட்ச்.

இந்தத் தடவை இன்னும் கிட்டே. என் முதுகுக்குப் பின்னால்.

நாற்காலியின் பிரம்பு கிரீச்சென்றது. யாரோ முன்னுக்குச் சாய்ந்ததுபோல.

ரத்தினபாயின் கை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது. விரல் மூட்டுகள் வெளுத்தன. கால் தரையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை இருந்தது. எழுந்திருக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். எழுந்தால் அந்தப் பாதம் அவ்வளவுதான் என்று அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும். நாற்காலியில் இருந்ததற்கும் தெரியும்.

அவர் எழுந்திருக்கவில்லை.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார்.

அசரியா தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தார்.

"எனக்குப் பேர் இருக்கு. எங்கப்பா எனக்கு ஞானஸ்நானத்துல வெச்ச பேர். ஒரு தடவை அதைச் சொல்லிக் கூப்பிடுங்க. கால் போனாலும் பரவாயில்ல, தவழ்ந்தாவது வர்றேன்."

காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அந்த முகத்தில் இன்னும் ஆசை இருந்தது.

ட்ச்.

அவ்வளவுதான் பதில். அந்த ஒற்றைச் சத்தத்தில் எவ்வளவு இளக்காரம் இருந்தது என்று எழுதிக் காட்ட எனக்குத் திறமை இல்லை.

ரத்தினபாய் காலைத் தூக்கித் திரும்ப ஸ்டூல் மேல் வைத்தார். மெதுவாக, இரண்டு கையாலும். பிறகு அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்:

"ஜீவரத்தினம்."

சாராள் "அத்தை!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அது. ரேஷன் கடையில்கூட மகனை விட்டுச் சொல்லச் சொல்கிறவர்கள்.

"ஜீவரத்தினம், என் பேர் ரத்தினபாய். உனக்கு அது தெரியாது. நீ போ."

டியூப்லைட் ஒரு தடவை சிமிட்டியது. நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. அதன் கால்கள் மொசைக்கில் உரசுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. என்னை உரசிக்கொண்டு ஏதோ ஒன்று வாசல் பக்கம் போனதுபோல, சட்டை முதுகில் சில்லென்று ஒட்டியது. வாசல் திரைச்சீலை ஆடி நின்றது. மெத்தையில் இருந்த குழி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்ல மெல்ல மேலே எழும்பித் தட்டையாயிற்று.

பிறகு மழைச் சத்தம் மட்டும்.

ரத்தினபாய் அழவில்லை. "சாராள், பசிக்குதும்மா" என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்த மனுஷன் மேல் பயத்தைவிட அருவருப்புதான் அதிகமாக இருந்தது. பெண்டாட்டியின் பெயரைச் சொல்ல வாய் வராத ஒரு தலைமையாசிரியர். எம்.ஏ., பி.டி. வேறு. போகிற வழியில் கேட்டில் இருந்த அந்தப் பலகையைப் பார்த்துத் துப்பலாமா என்றிருந்தது. தாம்பரத்தில் இறங்கி, பல்லாவரம் போகிற பஸ்ஸில் தொற்றி, அங்கிருந்து வேறு பஸ் மாறி, பொழிச்சலூரில் என் வீட்டுத் தெருவுக்கு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தும், அவ்வளவு கூட்டத்தில் ஒருத்தரும் அதில் உட்காரவில்லை.

எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. தலைக்கு மேல் ஒரு பிளேன் தாழ்வாக இறங்கிற்று. என் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. நாளெல்லாம் அதோடு மல்லுக்கட்டுகிறவன் வீட்டிலும் ஒன்றைக் கட்டி அழுவானா? வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள் அறையிலிருந்து என் வீட்டுக்காரி மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் காலி டம்ளர். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"இன்னாங்க, உள்ளதானே இருந்தீங்க? எப்ப வெளிய போனீங்க?"

"நானா? இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்கி வரேன்."

"வெள்ளாடாதீங்க. கொஞ்ச நேரமாவே கூப்ட்டுகினு கீறீங்க. காபி கொண்டாந்து வெச்சேன். குட்ச்சிட்டு மறுபடியும் கூப்ட்டீங்க. துண்டு வெச்சேன். அதுக்கும் கூப்ட்டீங்க. இன்னா வோணும்னு வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா பூடுவீங்க?"

அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன். அடியில் காபி நுரை ஈரமாக ஒட்டியிருந்தது.

"ஆளப் பாத்தியா?"

"இருட்டுல இன்னாத்தப் பாக்கறது? மூலைல குந்திகினு இருந்தீங்க."

"என் குரல் கேட்டுதா? என் குரல்தானா?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க என்னிக்குக் குரல் குட்த்துக் கூப்ட்டீங்க? எப்பவும் கூப்புடற மாறிதான்."

உள் அறை இருட்டாக இருந்தது.

ட்ச்.

அவள் திரும்பினாள்.

போகாதே என்று தடுக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிற்பாள். கன்னியம்மா. அதுதான் அவள் பெயர், எனக்கு நன்றாகத் தெரியும். கூப்பிட வாயைத் திறந்தேன். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. பழகிய வழியில்தான் அது போயிற்று. என் வாயிலிருந்து வெளியே வந்தது அந்தச் சத்தம்.

கன்னியம்மா நடுவில் நின்றாள். மெழுகுவத்தியைத் தூக்கி என்னைப் பார்த்தாள், இருட்டைப் பார்த்தாள். இரண்டில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தோ, வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டு உள் அறைக்குள் போனாள்.